கத்தி தோள் கொடுக்குமா?

கிரிக்கெட் வீரர்களின் தோளைச் சரிசெய்த ஆர்த்ராஸ்கோப்பி இன்று அலுவலகம் போகிறவர்களுக்கும் எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தோளில் வலிப்பதெல்லாம் அறுத்துச் சரிசெய்யக் கூடியதல்ல. எதற்குக் கத்தி, எதற்குப் பொறுமை என்று பிரித்தறிவதில்தான் விஷயமே இருக்கிறது.

2019 நவம்பர் 22. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இந்திய மண்ணின் முதல் பகல்-இரவு டெஸ்ட். இளஞ்சிவப்புப் பந்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் அரங்கம் நிரம்பி வழிந்தது. இஷாந்த் சர்மாவின் பந்து வங்கதேசத்தின் மஹ்முதுல்லாவின் மட்டையில் உரசி முதல் ஸ்லிப்பை நோக்கிப் போனது. விக்கெட் கீப்பர் ரித்திமான் சாஹா வலது பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து, ஒற்றைக் கையில் அதைப் பிடித்தார். சொந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். டெஸ்ட் போட்டிகளில் சாஹா 100 பேரை ஆட்டமிழக்கச் செய்த கணக்கு பூர்த்தியானதும் அந்த ஆட்டத்தில்தான்.

கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வலது தோளின் கதை நினைவுக்கு வந்திருக்கும் என்று தெரியாது. ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தத் தோளே சாஹாவின் டெஸ்ட் வாழ்க்கையை முடித்துவைத்துவிடும் போலிருந்தது.

2018 ஜனவரியில் கேப் டவுன் டெஸ்டில் 10 கேட்சுகள் பிடித்து இந்திய விக்கெட் கீப்பர்களில் சாதனை படைத்தார் சாஹா. பிறகு தொடைத் தசையில் பிரச்சினை. பெங்களூரிலுள்ள தேசிய கிரிக்கெட் அகாடமியில் சிகிச்சைக்குச் சேர்ந்தபோது தோளும் தொந்தரவு கொடுத்தது. ஊசி, பயிற்சி, ஓய்வு, பிறகு ஐ.பி.எல். மே மாதம் இதே ஈடன் கார்டன்ஸில் கட்டை விரலில் அடி. எல்லோருடைய கவனமும் விரல் மேல் இருந்தது. ஜூலையில்தான் தோள் மூட்டுக்குள் லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் கிழிந்திருப்பதும், அதற்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்பதும் வெளியே வந்தது. 33 வயது சாஹா இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய் அறுவை செய்துகொண்டார். பிரச்சினையைச் சரியாகக் கவனித்தார்களா என்று பத்திரிகைகள் கேள்வி எழுப்ப, கிரிக்கெட் வாரியம் தேதிவாரியாக விளக்க அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

அவர் இல்லாத இடத்தில் நம்ம ஊர் தினேஷ் கார்த்திக் நின்றார். பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகவும், பிறகு இங்கிலாந்தில் இரண்டு டெஸ்டுகளிலும். அடுத்து வந்த 20 வயது ரிஷப் பந்த், ஓவலில் சதமடித்து, 2019 ஜனவரியில் சிட்னியில் 159 ரன் எடுத்து, இடத்தைப் பிடித்துக்கொண்டார். சாஹா மறுபடி டெஸ்ட் ஆட 2019 அக்டோபர் ஆயிற்று.

கிரிக்கெட் வீரருக்கு நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. காலையில் ரவீந்திர சரோவர் ஏரியில் துடுப்புப் போடுகிறவர்கள், காலேஜ் ஸ்கொயர் குளத்தில் நீந்துகிறவர்கள், லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிறு தவறாமல் பாட்மிண்டன் ஆடும் நாற்பது வயதுக்காரர்கள் என்று யாருக்கும் இதே தோள்தான். கையைத் தூக்கினால் சுரீர் என்கிறது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் 'கிழிசல்' என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்து அறுவை அரங்கின் கதவு வரை போக அதிக நேரம் ஆவதில்லை.

தட்டில் வைத்த ரசகுல்லா

தோள் மூட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள கொல்கத்தாவில் உவமைக்குப் பஞ்சமில்லை. ஆழமில்லாத சின்னத் தட்டில் ஒரு ரசகுல்லாவை வைத்தால் எப்படியிருக்கும்? மேல் கை எலும்பின் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் குழியில் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய அப்படித்தான். இடுப்பு மூட்டில் உருண்டை ஆழமான கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கும். தோளில் குழி மிக மேலோட்டமானது. அதனால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. அதனால்தான் உடம்பின் பெரிய மூட்டுகளிலேயே அதிகமாக நழுவுவதும் இதுதான்.

நழுவாமல் காப்பவை இரண்டு. குழியின் விளிம்பைச் சுற்றி, தட்டுக்கு ஓரம் கட்டினாற்போல் இருக்கும் லேப்ரம் ஒன்று. உருண்டையை நான்கு புறமும் பிடித்துக் குழிக்குள் அழுத்தி வைத்திருக்கும் நான்கு தசைகளின் நாண்கள் மற்றொன்று. இந்த நான்குக்கும் சேர்த்து ரொடேட்டர் கஃப் என்று பெயர். அதற்கு மேலே கூரை மாதிரி அக்ரோமியன் என்ற எலும்பு முனை. தோள் வலி என்று டாக்டரிடம் போகிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இந்தச் சில இடங்களுக்குள்ளேதான் இருக்கும். எங்கே என்பதைப் பொறுத்து சிகிச்சை தலைகீழாக மாறும்.

கூரையைச் செதுக்கிய கதை

1972-ல் அமெரிக்க எலும்பு மருத்துவ நிபுணர் சார்லஸ் நீர் ஒரு விளக்கம் சொன்னார். கையைத் தூக்கும்போது அக்ரோமியன் கூரை கீழேயுள்ள நாணை உரசுகிறது. உரசி உரசி நாண் நைந்துபோகிறது. கூரையின் அடிப்பகுதியைச் செதுக்கிவிட்டால் இடம் கிடைக்கும், வலி போகும். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஆர்த்ராஸ்கோப்பி வந்த பிறகு இதைச் சின்னத் துளைகள் வழியாகவே செய்ய முடிந்தது. உலகெங்கும் அறுவைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

கேள்வி கேட்கப் பல வருடங்கள் பிடித்தது. பிரிட்டனில் 313 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கூரையைச் செதுக்கினார்கள். இரண்டாவது பிரிவுக்குத் துளை போட்டு உள்ளே பார்த்ததோடு சரி, எதையும் செதுக்கவில்லை. யாருக்கு எது நடந்தது என்று இந்த இரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. 2017 நவம்பரில் முடிவு வெளியானது. செதுக்கியவர்களுக்கும் சும்மா பார்த்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அறுவை அரங்குக்கே போகாதவர்களைவிட இவர்கள் கொஞ்சம் மேல். ஆனால் அது நோயாளி வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இல்லை. அடுத்த வருடம் ஃபின்லாந்தில் 210 பேரிடம் நடந்த ஆய்விலும் செதுக்கியதற்கும் பொய் அறுவைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அமைத்த நிபுணர் குழு ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: இந்த வகை வலிக்கு இந்த அறுவை வேண்டாம்.

பொய் அறுவைக்குப் பிறகும் வலி குறைந்தது ஏன்? நாளாக நாளாகத் தானே ஆறியிருக்கலாம். அறுவை முடிந்ததும் ஓய்வெடுத்து, பிசியோதெரபி செய்ததால் இருக்கலாம். சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. எதுவானாலும் எலும்பைச் செதுக்கியதற்கு அந்தப் பெருமை சேரவில்லை.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

கிழிசல் என்று ஸ்கேனில் தெரிகிறதே, அதை விட்டுவைக்கலாமா? பயம் நியாயமானது. ஆனால் ஜப்பானில் ஒரு கிராமத்தில் வசிக்கும் 664 பேரின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் ரொடேட்டர் கஃபில் முழுக் கிழிசல் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வலியே கிடையாது. 2013-ல் வெளியான இந்த முடிவு டாக்டர்களையே யோசிக்க வைத்தது. வயதானால் தலை நரைப்பது போல் தோள் நாணும் நைகிறது. ஸ்கேனில் தெரியும் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது கிழிசல் வந்த விதத்தை. மெல்ல மெல்ல, வயதோடு சேர்ந்து வந்ததா? அப்படியானால் மூன்று மாதம் முறையான உடற்பயிற்சி. ரப்பர் பட்டையை இழுப்பது, தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளைப் பலப்படுத்துவது. கேட்க அற்பமாக இருக்கும். பலருக்கு இதிலேயே கை தலைக்கு மேல் போகத் தொடங்கிவிடும்.

நேற்று வரை நன்றாக இருந்த கை, வழுக்கி விழுந்த பிறகு தூக்கவே முடியவில்லையா? அது வேறு கதை. விபத்தில் அறுந்த நாண் எலும்பிலிருந்து விலகி, ரப்பர் போல் சுருங்கி உள்ளே போகும். மாதங்கள் கடந்தால் அந்தத் தசைக்குள் கொழுப்பு படியும். அது திரும்பிச் சதையாக மாறுவதில்லை. அப்போது தைக்க முயன்றாலும் நாண் எட்டாது, எட்டினாலும் ஒட்டாது. சுறுசுறுப்பாக இயங்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் சில வாரங்களுக்குள் நிபுணரைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இங்கே பொறுமை உதவாது.

இடைப்பட்டவர்களும் உண்டு. சிறிய, நடுத்தரக் கிழிசல் உள்ள 103 பேரை நார்வேயில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாணைத் தைத்தார்கள். மறு பாதிக்குப் பிசியோதெரபி. ஆரம்ப வருடங்களில் இரு பிரிவுக்கும் இடைவெளி சிறியதாகவே இருந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது தைத்தவர்கள் பக்கம் இடைவெளி கூடியிருந்தது. பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் 14 பேர் பின்னால் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இன்னும் முப்பது வருடம் கையை ஓங்கி உழைக்க வேண்டிய ஐம்பது வயதுக்காரரும், எழுபதில் பேரக் குழந்தையைத் தூக்க நினைப்பவரும் இதே விவரத்திலிருந்து வேறு வேறு முடிவுக்கு வரலாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

ஆர்த்ராஸ்கோப்பியில் தோளைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் சின்னத் துளை. ஒன்றில் பென்சிலைவிட மெல்லிய கேமராக் குழாய், மற்றவற்றில் கருவிகள். மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி விரித்து, திரையைப் பார்த்துக்கொண்டே வேலை நடக்கும். நாணைத் தைப்பதென்றால் எலும்பில் சின்ன ஆணி போன்ற நங்கூரங்களைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் நாணை இழுத்துக் கட்டுவார்கள். கழுத்தருகே நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவதால் முதல் இரவின் வலி குறையும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தோள் நழுவுகிறவர்களுக்கு வேறு வைத்தியம். லேப்ரம் பிய்ந்திருந்தால் அதை மறுபடி குழியின் விளிம்பில் தைப்பார்கள். இந்தக் காயத்தை 1923-லேயே விவரித்த லண்டன் நிபுணர் பாங்கார்ட்டின் பெயராலேயே அந்த அறுவை வழங்குகிறது. அடிக்கடி நழுவி விளிம்பு எலும்பே தேய்ந்துபோனவர்களுக்குத் தையல் நிற்காது. அவர்களுக்குத் தோள்பட்டையின் முன்பக்கமுள்ள எலும்பு முனையைத் தசையோடு வெட்டி, குழியின் முன்னால் திருகாணியால் பொருத்துவார்கள். பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த லத்தார்ஷே 1954-ல் சொன்ன முறை இது. கால்பந்து, கபடி, ரக்பி ஆடுகிறவர்களிடம் இன்றும் மதிப்பிழக்கவில்லை.

ஒரு தடவை நழுவினால் அறுவை அவசியமா? வயதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இருபதுக்குள் இருப்பவருக்கு, அதிலும் மோதி விளையாடுகிறவருக்கு, மறுபடி நழுவும் ஆபத்து அதிகம். ஆனால் ஸ்வீடனில் 1970-களின் இறுதியில் முதல் தடவை நழுவிய, 40 வயது வரையுள்ளவர்களை 25 வருடம் தொடர்ந்து கவனித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி நழுவவே இல்லை, அல்லது ஒரே ஒரு தடவைதான் நழுவியது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நழுவினால் பயப்பட வேண்டியது லேப்ரத்தைப் பற்றி அல்ல. நழுவும்போது ரொடேட்டர் கஃப் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பந்து வீசுகிறவர்களுக்கும், பாட்மிண்டன் ஆடுகிறவர்களுக்கும் லேப்ரத்தின் மேல் பகுதி, பைசெப்ஸ் நாண் ஒட்டியிருக்கும் இடத்தில் கிழிவதுண்டு. அதைத் தைப்பது ஒரு காலத்தில் பெரிய மோஸ்தராக இருந்தது. நார்வேயில் 118 பேரிடம் தையல், பைசெப்ஸ் நாணை இடம் மாற்றிப் பொருத்துதல், பொய் அறுவை மூன்றையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்ட முடிவு: மூன்றும் ஒன்றுதான். நடுவயதில் இதற்காகத் தையல் போடலாம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது டாக்டரைக் கேட்பதில் தப்பில்லை.

ஜாக்கெட் ஊக்கு எட்டாதபோது

பெண்களிடம், அதுவும் நாற்பதிலிருந்து அறுபது வயதில், அடிக்கடி வருவது ஃப்ரோசன் ஷோல்டர். பின்னால் கொண்டை போட முடியாது, ஜாக்கெட் ஊக்கு எட்டாது. சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் நோய் இது. மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கி இறுகிவிடுகிறது. நல்ல செய்தி, பெரும்பாலோருக்கு இது ஓரிரு வருடத்தில், சிலருக்கு மூன்று வருடத்தில், தானே தளர்கிறது. கெட்ட செய்தி, அதுவரை தூக்கம் போய்விடுகிறது.

மயக்கம் கொடுத்துக் கையைத் திருகி விடுவிப்பது, ஆர்த்ராஸ்கோப்பியில் உறையை வெட்டிவிடுவது, ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபி ஆகிய மூன்றையும் பிரிட்டனில் 503 பேரிடம் ஒப்பிட்டு 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் மூன்று பிரிவினரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒன்று மற்றதைவிடக் குறிப்பிடும்படி உயர்ந்ததாக இல்லை. தீவிரமான சிக்கல்கள் அதிகம் வந்தது உறையை வெட்டிய பிரிவில். முதலில் ஊசியும் பயிற்சியும், பல மாதமாகியும் அசையாவிட்டால் மற்றவை என்ற வரிசை இங்கே பொருந்தும்.

மூட்டே தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறவர்களுக்கு மட்டும் மூட்டு மாற்று. தைக்க முடியாத கிழிசலும் தேய்மானமும் சேர்ந்தவர்களுக்கு, பந்தைக் குழி இருந்த இடத்திலும் குழியைப் பந்து இருந்த இடத்திலும் வைக்கும் 'தலைகீழ்' மூட்டு. பிரான்ஸின் திஜோன் நகரில் போல் கிராமோன் 1985-ல் உருவாக்கிய யோசனை இது. பழுதான ரொடேட்டர் கஃபை விட்டுவிட்டு, தோளின் வெளித் தசையான டெல்டாய்டைக் கொண்டே கையைத் தூக்க வைக்கிறது. பத்து வருடத்துக்குப் பிறகும் சுமார் பத்தில் ஒன்பது மூட்டுகள் மாற்றாமல் ஓடுகின்றன. ஆனால் நாற்பத்தைந்து வயதில் டென்னிஸ் ஆட இதைக் கேட்பது முறையல்ல.

புதுமை என்பதற்காகவே எதையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தைக்க முடியாத கிழிசலுக்கு, கூரைக்கும் உருண்டைக்கும் நடுவே உப்புநீர் நிரப்பிய பலூனை வைக்கும் முறை சில காலம் பேசப்பட்டது. பிரிட்டனில் 117 பேரிடம் சோதித்தபோது, பலூன் வைத்தவர்களைவிட வெறுமனே உள்ளே சுத்தம் செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியிருந்தது.

ஆறு மாதக் கணக்கு

சச்சின் டெண்டுல்கர் 2006 மார்ச்சில் லண்டனில் தோள் அறுவை செய்துகொண்டார். செப்டம்பரில் கோலாலம்பூரில் திரும்பி வந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 அடித்தார். ஷ்ரேயஸ் ஐயர் 2021 மார்ச் 23-ல் புனேயில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து இடது தோளை நழுவவிட்டார். ஏப்ரலில் அறுவை, செப்டம்பரில் துபாயில் மறுபடி களம். இடையில் டெல்லி அணியின் தலைமை கைவிட்டுப் போயிற்று. 2022-ல் கொல்கத்தா அணிக்குத் தலைவராக வந்தார். 2024 மே 26-ல் சேப்பாக்கத்தில் கோப்பையைத் தூக்கினார். சாஹாவும் அறுவைக்கு ஆறு மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், வங்க அணிக்காக டி20 ஆடத் திரும்பினார்.

மூவருக்கும் ஏறக்குறைய அதே ஆறு மாதம். காயங்கள் வேறு, வயது வேறு. உலகின் சிறந்த டாக்டர்கள், கூடவே பிசியோதெரபிஸ்ட், சாப்பாட்டுக் கவலை இல்லாத வாழ்க்கை. அப்படியும் ஆறு மாதம். தைத்த நாண் எலும்போடு ஒட்ட உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் அது. பணத்தால் அதைச் சுருக்க முடியாது. நாணைத் தைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் கை தூளியில். பிறகு மற்றவர் தூக்கிவிட அசைப்பது. மூன்று மாதம் வாக்கில்தான் பலம் கூட்டும் பயிற்சி. அவசரப்பட்டால் தையல் விட்டுப்போகும். வயது, பெரிய கிழிசல், சர்க்கரை, புகைபிடித்தல் எல்லாம் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

கொல்கத்தாவில் இந்த ஆறு வாரக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. ஹவுரா ஸ்டேஷனில் தலையிலும் தோளிலும் பெட்டி சுமக்கும் போர்ட்டர்கள், கைரிக்ஷா இழுப்பவர்கள், துர்கா பூஜைக்குத் தோளில் டாக் மேளத்தை மாட்டிக்கொண்டு கிராமங்களிலிருந்து வரும் டாக்கிகள், குமோர்டுலியில் நாள் முழுதும் கையை உயர்த்தியபடியே தேவியின் முகத்துக்கு வண்ணம் தீட்டும் கலைஞர்கள் என்று தோளை நம்பிப் பிழைக்கிறவர்கள் இங்கே ஏராளம். இவர்களுக்கு ஆறு வாரம் தூளி என்றால் ஆறு வாரம் அடுப்பு எரியாது.

மேற்கு வங்க அரசு 2016-ல் தொடங்கிய 'ஸ்வாஸ்த்ய சாத்தி' திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்க வகுக்கப்பட்டது. இந்த மாதிரித் திட்டங்கள் அறுவை அரங்கின் கட்டணத்தைக் கட்டிவிடலாம். இழந்த கூலியைக் கட்டுவதில்லை. அறுவை முடிந்து, பயிற்சிக்கு வர பஸ் காசில்லாமல் நின்றுபோன தோள், அறுவை செய்யாத தோளைவிட மோசமாக இறுகிப்போகும். உழைப்பாளிக்கு அறுவை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. விழுந்து நாண் அறுந்த போர்ட்டருக்குத்தான் அது எல்லோரையும்விட அவசரம். ஆனால் அந்த முடிவோடு கூலிக்கும் பயிற்சிக்கும் வழி சொல்லாத ஆலோசனை அரைகுறை ஆலோசனை.

கத்திக்குப் பயந்த நகரமல்ல இது. 1835-ல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், அடுத்த வருடமே ஜாதிக் கட்டுப்பாட்டை மீறி மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். இன்றும் எஸ்.எஸ்.கே.எம். போன்ற அரசு மருத்துவமனைகளின் எலும்புப் பிரிவு வாசலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வடக்கே பி.டி. ரோட்டில் பான்ஹூக்ளியில் 1978-ல் ஏற்பட்ட மத்திய அரசின் இயக்கக் குறைபாட்டு நிறுவனம் பிசியோதெரபிக்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. தோள் விஷயத்தில் அறுவை அரங்குக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியையாவது அந்தப் பயிற்சி அறைக்கும் கொடுக்க வேண்டும்.

சாஹா 2025 பிப்ரவரி 1-ல் ஈடன் கார்டன்ஸில் பஞ்சாபுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தோடு விடைபெற்றார். மொத்தம் 40 டெஸ்ட். அவற்றில் 32 அறுவைக்கு முன், 8 அறுவைக்குப் பின். அந்த எட்டும் தைத்த தோள் கொடுத்தவை. பந்த் வந்த வேகத்தில் பறிபோன டெஸ்டுகளை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியவில்லை. சரியான தோளுக்குச் சரியான சமயத்தில் செய்யும் அறுவை எவ்வளவு கொடுக்கும் என்பதற்கும், அதை நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கும் இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

டாக்டரிடம் கேளுங்கள்

அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டியவை:

1. என் வலிக்கு இந்தக் கிழிசல்தான் காரணம் என்பதை ஸ்கேனைத் தவிர வேறு எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கையை அசைத்துப் பரிசோதிக்காமல் முடிவு சொன்னால் யோசியுங்கள்.

2. மூன்று மாதம் பிசியோதெரபி செய்துவிட்டு வந்தால் எனக்கு நஷ்டம் உண்டா? விபத்தில் முழுதாக அறுந்த நாணுக்கு 'உண்டு' என்பது நேர்மையான பதில். மற்றப் பலவற்றுக்கு 'இல்லை'.

3. அறுவையில் தைக்கப் போகிறீர்களா, செதுக்க மட்டும் போகிறீர்களா? செதுக்குவது மட்டும் என்றால் அதன் பலன் குறித்த ஆய்வுகளைப் பற்றிக் கேளுங்கள்.

4. கை எத்தனை வாரம் தூளியில் இருக்கும்? வேலைக்கும், வண்டி ஓட்டவும், விளையாடவும் எப்போது போகலாம்? யார் பயிற்சி கொடுப்பார்கள், எங்கே, எவ்வளவு செலவு?

5. ஸ்டீராய்டு ஊசி போட்டு எத்தனை நாளாகிறது? ஒரு மாதத்துக்குள் அறுவை என்றால் கிருமித் தொற்று ஆபத்து கூடும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை: விழுந்த பிறகு கை தூக்க முடியாமல் போவது, தோளில் சூடு, வீக்கம், காய்ச்சல், கை மரத்துப்போவது. இடது தோள் வலியோடு நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டாம். அது இதயமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.